குடிசிகா உண்டோ?

கடன் அட்டை என்று எழுதினால் ரேஷன் அட்டை மாதிரி இல்லாதவர்களுக்குக் கொடுப்பது என்று தோன்றும். கேரளத்துத் தேயிலை மலையில் இருக்கும் எங்கள் ஏலப்பாறையில் எல்லாரும் கார்டு என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அது துணிக்கடைக்கு வேண்டியிருந்தது. பஜாரில் ஒற்றை ஷட்டர் போட்ட அறை. நைட்டி, பாவாடை, பிள்ளைகள் உடுப்பு. எஸ்டேட்டில் ஓணம் போனஸ் போடுகிற வாரம்தான் எங்களுக்கு வியாபாரம். அதற்கு முன்னால் திருப்பூரிலிருந்து சரக்கு இறங்கினால் பிழைத்தேன். இல்லையென்றால் வாடகை கட்ட முடியாமல் அறையைக் காலி செய்ய வேண்டும். திருப்பூர் மொத்தக் கடைக்காரர் நல்ல மனிதர். போனில் அம்மா, அம்மா என்பார். கடனுக்குக் கேட்டால் கைக்குட்டைகூடத் தரமாட்டார். கார்டைத் தேய்த்தால் அன்றைக்கே லாரியில் ஏற்றுவதாகச் சொன்னார்.

அப்பாவின் பணம் வந்திருந்தால் கார்டே தேவைப்பட்டிருக்காது. தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கம்பெனி அவருக்குக் கிராஜுவிட்டியும் தரவில்லை, பழைய சம்பள பாக்கியும் தரவில்லை. பணம் வராததால் அவர் லயத்து வீட்டைக் காலி செய்யவில்லை. வீட்டைக் காலி செய்யாததால் கம்பெனி பணம் தரவில்லை. எஸ்டேட் கட்டிய அந்த வரிசை வீட்டில், கூரைத் தகரத்தின் மேல் தார்ப்பாய் போட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம்.

அந்தப் பாக்கிக்கு எங்கள் பக்கத்தில் குடிசிகா என்று பெயர். மலையாளத்திலிருந்து வந்த சொல். லயத்துக்காரர்கள் காதில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கம்பெனி நமக்குத் தர வேண்டியது. பெண் கேட்டு வருகிறவர்கள்கூட, பையனுடைய அப்பாவுக்கு நல்ல குடிசிகா வர வேண்டியிருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். நாம் பிறருக்குத் தர வேண்டியதையும் அதே சொல்லால் சொல்லலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. எங்களுக்கு யார் கடன் கொடுத்தார்கள், தோன்றுவதற்கு.

முதலில் என் பெயரில் சாதாரணக் கார்டுக்குத்தான் போனிலேயே விண்ணப்பித்தேன். நான் இதுவரை எங்கும் கடன் வாங்கியதில்லை என்பதால் தர முடியாது என்று குறுஞ்செய்தி வந்தது. ஒழுங்காக இருந்தது குற்றமாகிவிட்டது. பிறகு பஜாரில் குடை போட்டு உட்கார்ந்திருந்த ஏஜென்ட் பெண், சிறுதொழில் கார்டுக்குப் போடுங்கள் அக்கா, கடையைப் பார்த்துத் தருவார்கள் என்றாள். பஞ்சாயத்து லைசென்ஸ், கடை போட்டோ, வாடகைப் பத்திரம் எல்லாம் கொடுத்தேன். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து விசாரிப்பார், அதோடு முடிந்தது என்றாள்.

ஆள் வந்தபோது நான் கடையில் இருந்தேன். கழுத்தில் அட்டை தொங்க வந்தவனை அப்பா உட்காரவைத்து, கட்டன் சாயா போட்டுக் கொடுத்திருக்கிறார். அவன் போனைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்திருக்கிறான்.

"குடிசிக வல்லதும் உண்டோ, அண்ணாச்சி?"

ஏதாவது பாக்கி உண்டா என்று வங்கி கேட்கிறது. மகளுக்குக் கார்டு கிடைக்க வேண்டுமே என்ற தவிப்பில் இருந்த மனுஷன், வீட்டின் சொத்தைக் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டார்.

"உண்டு சாரே, நெறைய உண்டு. வருசக்கணக்கா கெடக்கு. ஒண்ணும் கொறச்சல் இல்ல."

இதைச் சாயந்திரம் அவரே என்னிடம் நடித்துக் காட்டினார். விசாரணைக்கு வந்தவனின் எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டேன். அவன் குமுளிப் பக்கத்துத் தமிழன்.

"கம்பெனி பாக்கியத்தான் சொல்றாருன்னு எனக்கும் புரிஞ்சுச்சுக்கா. ஆனா உண்டு, இல்லன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. அவரு உண்டுன்னாரு, நான் அமுக்கிட்டேன்."

"புரிஞ்சும் எதுக்குய்யா அமுக்குன?"

"இன்னும் எட்டு வீடு பாக்கணும்க்கா."

அந்த நிமிடம் அவன் கண்முன் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அப்பா கொடுத்த சாயாவை வேறு குடித்திருக்கிறான்.

மறுநாள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்ததும் வங்கிக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு, கிழவருக்குக் குடிசிகாதான் சொத்தாம் என்று மலையாளத்தில் முதலிலிருந்து சொன்னார். அவளும் சிரித்தாள். நான் மலையாளத்திலேயே பள்ளிக்கூடம் படித்தவள் என்பது அவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் ஒன்றுமில்லை. தள்ளிய விண்ணப்பத்தை மாற்ற முடியாது, ஆறு மாதம் கழித்துப் புதிதாகப் போடுங்கள் என்றார்.

"இத்தனை பேருக்குக் குடிசிகா வச்சிருக்கிற கம்பெனிக்கு உங்க கார்டு இருக்கா சார்?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "அவர்க்கு நம்மட பேங்கில் குடிசிக இல்லல்லோ," என்றார். ஆட்களுக்குத் தர வேண்டியது வங்கியின் கணக்கில் வராது என்பதை எனக்குப் புரியவைத்த திருப்தியோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போனஸ் வாரத்தில் என் கடைக்கும் கூட்டம் வந்தது. போன வருஷத்து நைட்டிகளை விரித்துப் பார்த்துவிட்டு, புதுசு இல்லையா என்று கேட்டு, எதிர்க் கடைக்குப் போனார்கள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஒருத்தி எதிர்க் கடைப் பையோடு வந்து, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கால் வலி தீர்த்துக்கொண்டாள். போகும்போது, உன் கடையில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அப்பா, கார்டு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். அதுவரை சொல்லாமல் இருந்ததைச் சொல்லிவிட்டேன். வங்கியில் சிரித்ததையும் விடவில்லை. அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நமக்கு வர வேண்டியதத்தான தாயி சொன்னேன்."

"உங்கள யாருப்பா பேசச் சொன்னா? இனிமே அட்டைய மாட்டிக்கிட்டு எவன் வந்து கேட்டாலும், குடிசிகா ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. வேற வாயத் தொறக்காதீங்க."

அவர் தலையை ஆட்டினார். இரண்டொரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஆறு மாதம் ஓடியது. வாடகையைக் கெஞ்சிக் கூத்தாடித் தள்ளிப்போட்டு, கார்டுக்கு மறுபடி போட்டேன். அந்த வாரத்திலேயே ஒருநாள் கடையை மூடிவிட்டு வந்தபோது, அப்பா சட்டை மாற்றித் தலை வாரி, வாசலில் எனக்காக நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஆளு வந்துட்டுப் போயிட்டான் தாயி. அதே கேள்விதான் கேட்டான். நீ சொன்ன மாதிரியே, ஒரு குடிசிகாவும் இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நெசமாவா அண்ணாச்சின்னு திருப்பித் திருப்பிக் கேட்டான். நானா மசிவேன். கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. போன தடவை வந்த வங்கி ஆள் கையெழுத்தே கேட்கவில்லையே என்று பிறகுதான் உறைத்தது.

"எந்தப் பேங்குன்னு சொன்னான்ப்பா?"

"பேங்குன்னு சொல்லலியே. லேபர் ஆபீஸ்லருந்து வர்றேன்னான். கோர்ட்டு சொல்லிருச்சாம், யாருக்கெல்லாம் கம்பெனி பாக்கின்னு கணக்கு எடுக்குறாகளாம். லயம் முழுக்க எழுதிட்டுப் போறான். அவனும் அட்டதான் மாட்டியிருந்தான், நான் விடுவேனா."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"இனிமே கார்டு வந்துரும்ல?"