மக்டலீன் வேற ஆளோ?

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த டோர்செட் பார்க்கில், அந்த அடுக்குமாடியின் எட்டாம் மாடியில் யாருக்கு யாரோடு கோபம் என்பது தவமலருக்குத் தெரியாமல் இராது. மட்டக்களப்பில் பிறந்தவர், வாய் நீளம். நெஞ்சுதான் சரியில்லை. சின்ன வயதில் வந்த காசநோய், சுவாசக் குழாய்களைப் பழைய பாவாடை இலாஸ்டிக் போலத் தளர்த்திவிட்டுப் போயிருந்தது. சளி உள்ளே தேங்கும், வெளியே வராது. அதனால் காலையும் மாலையும் மருந்தை ஆவியாக்கி இழுக்கும் நெபுலைசர். அவர் அதைப் புகை மெசின் என்பார். அதன் வாய்க்குழலை அவர் கவ்விக்கொண்டிருக்கும் நேரம்தான் வீட்டில் அமைதி என்பது புருஷன் கனகசிங்கத்தின் கணக்கு.

எதிர்வீட்டு மக்டலீன் மன்னார்க்காரி, தனியாள். அவளுக்கும் நாள்பட்ட நெஞ்சு வருத்தம். 2009 சித்திரையில் அவளுடைய மெசின் பழுதாகிப்போனது. அதே நாட்களில்தான் ஊர்ச் சண்டைக்கு நடுவே வன்னிக்குள் அகப்பட்ட அவளுடைய தம்பி பஸ்ரியனின் தொடர்பும் அறுந்தது.

"நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, தனிய இருந்து கேக்க ஏலாது மலரக்கா," என்றாள்.

தவமலர் அவளைத் தன் சோபாவில் கொண்டுவந்து இருத்தி, தமிழ்த் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, மெசினையும் நீட்டினார். வாய்க்குழலை ஹவுஸ்கோட் நுனியால் துடைத்தாயிற்று, அதற்கு மேல் என்ன சுத்தம்? செய்தியைப் பார்த்து ஒருத்தி அழ, மற்றவள் புகை விடுவாள். பிறகு முறை மாறும். வீடு சுருட்டுக் கொட்டில் மாதிரி இருக்கிறது என்று கனகசிங்கம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வைகாசி பிறந்ததும் இருவருக்கும் பச்சைச் சளி. தவமலரின் சளியில் வாய்க்குள் நுழையாத பெயருள்ள ஒரு கிருமி இருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். ஈரம் கண்ட இடத்தில் வளர்வது. நல்ல நெஞ்சுக்காரரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது, பழுதான நெஞ்சு கிடைத்தால் குடியேறிவிடும். இருமலாலும், சரியாகக் கழுவிக் காய வைக்காத மெசினாலும், ஒரு பழுதான நெஞ்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். தாதி சொன்னதை மகள் மதுரா மொழிபெயர்த்தாள்.

"உங்கட மெசினை வேற ஆக்களும் யூஸ் பண்ணுறவையோ எண்டு கேக்கிறா, அம்மா."

"வேற ஆக்களுக்கு நான் ஏன் குடுக்கன்?"

மருந்துக்குச் சளி தெளிந்தது. மெசின் மறுபடி கைமாறியது. சளி மறுபடி பச்சையானது. அதற்குள் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. பஸ்ரியனைப் பற்றி ஒன்றுமில்லை.

அடுத்த தடவை கிளினிக்குக்குப் போனபோது அங்கே மக்டலீனும் தன் முறைக்குக் காத்திருந்தாள். தவமலர் போய் அவளோடு ஒட்டி உட்கார்ந்து, ஒரே ஃபிளாஸ்க் மூடியில் இருவரும் தேத்தண்ணி குடிப்பதைத் தாதி பார்த்துவிட்டார். விசாரணை தொடங்கியது.

"அம்மா, மக்டலீன் அன்ரி உங்கட மெசின் பாவிக்கிறவவோ?"

"ஓம். அதுக்கென்ன?"

"ஒருத்தருமில்லை எண்டு சொன்னீங்களே!"

"நீ வேற ஆக்கள் எண்டுதானே கேட்டாய். மக்டலீன் வேற ஆளோ?"

மதுரா அதை ஆங்கிலத்தில் சொல்லப் படாதபாடு பட்டாள். தாதி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: ஆளுக்கொரு மெசின், ஒவ்வொரு தடவையும் கழுவிக் காயவைக்க வேண்டும், ஒரே சோபா கூடாது, தள்ளித்தான் இருக்க வேண்டும். மக்டலீனுக்கு முகம் செத்துப்போனது. தம்பியைப் பற்றி அந்தப் போன் வரும்போது பக்கத்தில் யார்?

தவமலருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? அன்று மாலையே மக்டலீன் உட்காரும் கதிரையும் கிளினிக் கொடுத்த வேறு மெசினும் அவள் வாசலுக்கு உள்ளே, தவமலரின் கதிரை இவர் வாசலுக்கு உள்ளே. நடுவில் கொரிடோர். தொலைக்காட்சியை வாசலைப் பார்க்கத் திருப்பி, சத்தத்தைக் கூட்டினார். முறைப்பாடு சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர், தவமலரின் வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஒரு பின்னேரம் மக்டலீனின் போன் அடித்தது. தெரியாத நம்பர். அவள் அதை எடுக்காமல் தவமலரைப் பார்த்தாள்.

"எடு புள்ள. நான் இஞ்சதான் இருக்கன்."

எடுத்தாள். வவுனியா முகாமிலிருந்து யாருடையதோ போனில் பஸ்ரியன். உயிரோடு. மக்டலீன் குழறி அழுதுகொண்டு கையை விரித்தபடி ஓடிவந்தாள். தவமலர் விளக்குமாற்றைக் குறுக்கே நீட்டினார்.

"அங்கேயே நில்லுகா. அங்க நிண்டே அழு, எனக்குக் கேக்குது."

"அப்ப நான் ஆரைக் கட்டிப்பிடிக்கிறது?"

தவமலர் முழங்கைக்குள் முகத்தைப் புதைத்து இருமினார். இருமலோடு கண்ணையும் துடைத்துக்கொண்டு, சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த மகளைப் பார்த்தார்.

"மதுரா, போய் அன்ரியைக் கட்டிப்பிடி. என்ர பங்குக்கும் சேத்து இறுக்கிப் பிடி. வந்து சோப்புப் போட்டுக் கை கழுவு."