தாண்டவராயன் கண்ணும் சுரைப்பிஞ்சும்

தாண்டவராயனுக்குச் செடி வைக்க ஒரு சாண் மண் கிடையாது. திருப்புலிவனத்தில் அவர் வீட்டுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்னால் தெரு, பின்னால் பக்கத்து வீட்டுச் சுவர். வாசலில் ஒரு துளசித் தொட்டி இருக்கிறது. அதையும் அவர் மனைவி சிட்டம்மாள்தான் பார்த்துக்கொள்கிறார். இருந்தும் எங்கள் உத்திரமேரூர் பசுங்கொடி தோட்டக் குழுவில் அவரை மிஞ்சிய உறுப்பினர் இல்லை. நான் சொல்கிறேன், தோட்டம் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் தோட்டக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார், குரல் மட்டும் இறங்கவில்லை. மாசி பிறந்ததும் எங்கள் குழுவின் சுற்று தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் தோட்டத்துக்கு எல்லோரும் போவோம். வீட்டுக்காரர் சுண்டலும் மோரும் தருவார். அதைத் தின்றுகொண்டே ஆளுக்கு ஒரு குறை சொல்வோம். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் விடு, வேரைச் சுற்றி வைக்கோல் போட்டு மூடு, கொடியின் நுனியைக் கிள்ளு, அப்போதுதான் பக்கக்கிளை விட்டுப் பிஞ்சு வைக்கும் என்போம். சொல்கிறவர் வீட்டில் அதில் ஒன்றும் நடந்திருக்காது. ஊருக்குத்தான் உபதேசம்.

தாண்டவராயன் குறை சொல்லத் தெரியாதவர். பந்தல் சாய்ந்திருந்தால் சவுக்குக் கழி நட்டு நிமிர்த்துவார். வேப்பம் புண்ணாக்கு மூட்டையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். வேலை முடிந்ததும் ஒரு கத்தரிக்காய் முன்னால் குந்திக்கொள்வார். “யம்மாடி, இன்னா மினுமினுப்பு பாரு. எண்ணெ தேச்ச கொயந்த மாறி கீது” என்பார். அது அந்தத் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்த வீட்டுக்காரருக்கு அன்றைக்கு முழுவதும் கால் தரையில் படாது.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் பங்குனியில் கலைச்செல்வன் வீட்டுச் சுற்று வந்தது. கலைச்செல்வனுக்கு நெல்லும் கரும்புமாக நிலம் நிறையவே இருக்கிறது. ஆனால் அவருடைய பெருமையெல்லாம் கொல்லைப்புறத்துச் சுரைப்பந்தலில்தான். தாண்டவராயன் அந்தப் பந்தலுக்குக் கீழே நின்று ஒவ்வொரு பிஞ்சாகப் புகழ்ந்தார். ஒரு பிஞ்சையும் விடவில்லை. அந்த வாரத்திலேயே பாதிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. அந்த வாரம் அடித்த வெயிலில் என் வீட்டுப் பிளாஸ்டிக் வாளியே வெடித்தது. அதை யார் யோசித்தார்கள்? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று கலைச்செல்வனின் மனைவி தமிழ்ச்செல்வி யாரிடமோ சொன்னாள். அது ஊரைச் சுற்றி வந்து சேர்ந்தபோது, தாண்டவராயன் பார்த்தால் பச்சை மரமும் பற்றி எரியும் என்று வளர்ந்திருந்தது.

அவர் காதுக்கு மட்டும் யாரும் கொண்டுபோகவில்லை. இந்த வருஷம் மாசியில் சுற்று தொடங்கியதும் அவர் வருவதற்கு முன்பே பிஞ்சுகளைப் பழைய புடவைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டார்கள். என் தோட்டத்தில் கீரை மட்டும்தான். கீரையைப் பார்த்து யாரும் பொறாமைப்படுவதில்லை, அதனால் எனக்கு அந்த வேலை மிச்சம். இதெல்லாம் என்ன துணி என்று தாண்டவராயன் கேட்டார். காயில் ஈ வந்து கொட்டி முட்டை வைக்கிறது, அதைத் தடுக்கத்தான் என்று கலைச்செல்வன் கண் இமைக்காமல் சொன்னார். அந்த மனிதர் நம்பிவிட்டார். நம்பியதோடு விட்டாரா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பையோடு வந்தார். உள்ளே வேட்டித் துணியில் தைத்து, வாயில் நாடா கோத்த சின்னச் சின்னப் பைகள். சிட்டம்மாளை மெஷினில் உட்கார வைத்து வாரம் முழுக்கத் தைக்க வைத்திருக்கிறார். எல்லோருக்கும் கை நிறையக் கொடுத்தார். தன் கண்ணுக்குத் தானே திரை தைத்துக் கொடுத்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

பை கைக்கு அடக்கமாக இருந்ததால் இவர்களுக்கு உற்சாகம் கூடிவிட்டது. முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டி அவிழ்த்தவர்கள், இப்போது பிஞ்சு தலை காட்டியதுமே, அதன் நுனியில் பூ விரிவதற்கு முன்பே, பையை மாட்டி நாடாவை இறுக்கினார்கள். செயலாளர் ராஜஸ்ரீ பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவர் வீட்டுப் பரங்கிக்கும் பை.

பங்குனி பிறப்பதற்குள் ஒரு வீட்டிலும் காய் நிற்கவில்லை. பையை அவிழ்த்தால் உள்ளே விரல் நீளத்தில் மஞ்சளாகச் சுருங்கிக் கிடந்தது. சுரையும் போயிற்று, பரங்கியும் போயிற்று. கலைச்செல்வன் தோட்டத்துச் சுற்று வந்த அன்று எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம். தாண்டவராயன் ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார்.

“ணா, தப்பா எட்த்துக்காத” என்றார் கலைச்செல்வன். “இந்த சீசன் மட்டும் இந்தப் பக்கம் வராத. பையத் தாண்டிக்கினு எறங்குது ஒன் கண்ணு. கொடி தாங்கல.”

தாண்டவராயன் பந்தலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

“அப்ப அந்தப் பை ஈக்கு இல்லியா?” என்று கேட்டார்.

தாண்டவராயன் சுண்டல் தொன்னையைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அறிவு இருக்கிறதா உங்களுக்கெல்லாம் என்று கேட்டேன். கீரை போடுகிறவளுக்குக் கொடியைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்த ஊர் என்று கல்வெட்டைக் காட்டிப் பீற்றிக்கொள்கிற ஊர் எங்களுடையது. தாண்டவராயனை ஒதுக்குவதற்கு மட்டும் ஓலையும் தேவைப்படவில்லை, குடமும் தேவைப்படவில்லை.

அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு மாடி. என் பக்கத்து வீட்டு ஜகதாம்பாள் மாமி மாசி தொடக்கத்திலேயே மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூருக்குப் போயிருந்தார். மாடியில் சுரையும் பரங்கியும் கொடி விட்டிருந்தன. அவற்றுக்குத் தண்ணீர் விடச் சொல்லித் தாண்டவராயனிடம் சாவி கொடுத்திருந்தார். தைத்த பைகளை எல்லாம் எங்களுக்கே கொடுத்துவிட்டதால், அங்கே கட்ட அவரிடம் ஒரு பையும் மிஞ்சவில்லை. எங்கள் இரண்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். மாசி முழுக்க அவர் விடியற்காலையில் அங்கே வந்து கொடிகளைக் கொஞ்சுகிற சத்தத்தில்தான் நான் எழுந்தேன். ராசாத்தி என்பார், செல்லம் என்பார். பூவை விட்டுவிட்டுப் பிஞ்சைப் புகழ்ந்துவிட்டால் பூவுக்கு வருத்தமாகிவிடும் என்று அதையும் தனியாகப் புகழ்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கொஞ்சல் நின்றுவிட்டது. மறுநாள் காலையில் திட்டுகிற சத்தம் கேட்டு நான் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். தாண்டவராயன் ஒரு சுரைப்பிஞ்சுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

“இன்னா நென்ச்சுக்கினு கீற? மூஞ்சப் பாரு, அசிங்கமா கீது. ஒன்ன எவன் பாக்கப் போறான்?”

இப்படிச் சொல்லிவிட்டு, அந்தப் பிஞ்சின் மேல் படிந்திருந்த தூசியைத் தன் துண்டு நுனியால் துடைத்துவிட்டார். தன் கண் பட்டுவிடக் கூடாது என்று வைகிறார் என்று எனக்குப் புரிந்தது. சத்தம் போடாமல் கீழே இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் வசவுதான். பஸ்ஸில் சில்லறை தராத பயணிகூட அவரிடம் அவ்வளவு வாங்கியிருக்க மாட்டான்.

பங்குனிக் கடைசியில் மாமி திரும்பி வந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனவர், இந்த ஞாயிற்றுக்கிழமைச் சுற்று தன் வீட்டில்தான் என்று எல்லோருக்கும் ஃபோன் போட்டார். தாண்டவராயனைத் தவிர எல்லோரும் வந்தார்கள். பந்தல் கொள்ளாமல் சுரைக்காய். சுவரோரம் பரங்கி ஒன்று பானை அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

கலைச்செல்வன்தான் முதலில் வாயைத் திறந்தார். தாண்டவராயன் கண் படாத இடம், அதுதான் பிழைத்தது என்றார். அதற்காகத்தான் நான் காத்திருந்தேன். மாசி முழுக்கக் கொஞ்சியதையும் பங்குனி முழுக்கத் திட்டியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கொஞ்சின காயும் இதோ தொங்குகிறது, திட்டின காயும் இதோ தொங்குகிறது, எந்தக் கண்ணைச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

ராஜஸ்ரீ அதற்குள் ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் பூ விரிவதற்கு முன்பே பை கட்டினோம், உங்கள் வீட்டில் கட்டவில்லையா மாமி என்று கேட்டார்.

“பூவுக்கு எதுக்குடி பை?” என்றார் மாமி. “வண்டு எது வழியாப் போகும்?”

ராஜஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டார். ஆண் பூவின் மகரந்தத்தை வண்டு கொண்டுவந்து பெண் பூவில் சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போடுகிறேன், வீட்டுக்கு வந்து பெண் பூவுக்குப் பை மாட்டியிருக்கிறேன் என்றார். தாண்டவராயன் கண் ஒன்றும் செய்யவில்லை, நாம்தான் நாடாவை இறுக்கினோம் என்று அவரே சொல்லிவிட்டார். கலைச்செல்வன் பரங்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பைகளை எல்லாம் அவிழ்த்தார். புதிதாக வந்த பிஞ்சுகள் நின்று, உள்ளங்கை நீளத்துக்குக் காயானதும், அவரே வண்டியை எடுத்துக்கொண்டு திருப்புலிவனத்துக்குப் போனார். அங்கே என்ன பேசினாரோ, எவ்வளவு கெஞ்சினாரோ தெரியாது. சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் தாண்டவராயனை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்தவர் பந்தலுக்கு வெளியிலேயே நின்றார். பார்வையெல்லாம் தரையில். எப்படி இருக்கிறது என்று கலைச்செல்வன் கேட்டார். “சுமாராத்தான் கீது” என்று தரையைப் பார்த்தே பதில் வந்தது.

தமிழ்ச்செல்வி முன்னால் வந்தாள். முதலில் வாயை விட்டவள் அவள்தான். அவள் கையில், துவைத்து மடித்த அந்தப் பைகள் இருந்தன.

“ஒரு தபா நல்லாப் பாத்து சொல்லுணா” என்றாள். “நீ சொல்லாத காய நாங்க ஆக்கித் துன்னா ருசியா இருக்குமா?”

தாண்டவராயன் அவளைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார். மெதுவாகக் குனிந்து பந்தலுக்குள் நுழைந்து, ஒரு சுரைக்காய்க்கு முன்னால் குந்திக்கொண்டார். காயைக் கையில் ஏந்திச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அந்தக் குரல் வந்தது. யம்மாடி என்று தொடங்கியதும் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. நிறத்தைச் சொன்னார், வளைவைச் சொன்னார், மேலே இருக்கிற பூனை முடியைச் சொன்னார். ஒரு மாதப் பாக்கியையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கலைச்செல்வன் முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சட்டைப் பைக்குள் ஒரு எலுமிச்சம்பழம் புடைத்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, தாண்டவராயன் தமிழ்ச்செல்வியிடம் கையை நீட்டி ஒரு பையை வாங்கினார். பூ வாடி உதிர்ந்து காய் நன்றாகப் பிடித்துவிட்டதா என்று தடவிப் பார்த்தார். பிறகு பையை மாட்டி, நாடாவைத் தளர்வாகக் கட்டினார்.

“இது ஈக்கு” என்றார்.