நிறுத்தி வைத்த சப்ஸ்கிரிப்ஷன்

லிங்கராஜபுரத்தில் ஒரு கிளை ஆஸ்பத்திரியில் நான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். படிப்பு பத்தாவதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பற்றிப் பதிவதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டருக்கும் தானாக வந்துவிடும். அந்த இணைப்பை சப்ஸ்கிரிப்ஷன் என்பார்கள். பராமரிப்பு வேலை நடக்கும்போது அதை நிறுத்தி, முடிந்ததும் திரும்ப ஓடவிடுவது என் பொறுப்பு.

அன்று பிரதோஷம். அபிஷேகம் தவறிவிடக்கூடாதே என்ற அவசரத்தில், நிறுத்தியதை ஓடவிடாமலே கோயிலுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா காய்ச்சலோடு வந்தார். அவரைப் பற்றித் திரையில் எச்சரிக்கை எதுவும் இல்லை. நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டே, தன் வழக்கப்படி வாயாலும் கேட்டார். "பென்சிலின் ஒத்துக்குமாம்மா?"

"ஐயோ சிஸ்டர், வேணாம்! நேத்து பெரிய ஆஸ்பத்திரியில அதைப் போட்டு, உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிடுச்சு. எழுதிக்கிட்டாங்களே!"

இணைப்பை நிறுத்தியபடியே விட்டுப்போனது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. உடனே இணைப்பை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு வரி வந்து நின்றது.

"என்னண்ணா, உங்க கம்ப்யூட்டர் இப்பத்தான் தூங்கி எழுந்துச்சா?" என்று நர்ஸ் சிரித்தார்.

"நான்தாம்மா நிறுத்தி வெச்சேன்" என்றேன். அவர் சிரிப்பு அடங்கிவிட்டது.

சாமிதான் காப்பாற்றியது என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த அம்மா பேச முடியாத நிலையில் வந்திருந்தால்? சாமி முன்னால் கைகூப்பி நிற்கும்போதெல்லாம் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.