மிதந்த ஒன்பது முட்டைகள்

ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆறு வருஷம் முட்டைப் பகுதியில் வேலை பார்த்தவன் நான். முட்டையைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற நினைப்போடுதான் மரக்காணத்துக்குத் திரும்பினேன். அந்த நினைப்பைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் மனைவி ஜெயினம்பு கோழி வளர்க்கிறாள். ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தவள், நான் விமானம் ஏறிய வருஷம் கிளியனூரிலிருந்து ஒரு ஜோடி கிளிமூக்குக் கோழி வாங்கிவந்தாள். கிளிக்கு இருப்பது போல வளைந்த மூக்கு, தரையைப் பெருக்கும் வால். மரக்காணத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காத ஜாதி. ஆனால் உடம்பு கனம். அடைக்கு உட்கார்ந்தால் தன் முட்டையைத் தானே மிதித்து உடைக்கும். அதனால் நாட்டுக்கோழி எது அடைக்கு வருகிறதோ அதன் அடியில் கிளிமூக்கு முட்டையை வைப்பாள். வேண்டாத நேரத்தில் அடைக்கு வந்த கோழியைத் தண்ணீரில் முக்கித் தெளியவைப்பாள். எது கடைசிவரை உட்காரும், எது பாதியில் எழுந்து ஓடும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. குஞ்சு பொரிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வீடியோ கால் வரும். "ஏங்க, மூக்கப் பாருங்க, மூக்கப் பாருங்க" என்று கத்துவாள். நானும் முட்டை அட்டைகளுக்கு நடுவே நின்று பார்ப்பேன்.

நான் வந்த இரண்டாம் மாதம் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. குஞ்சுகளை விற்றதுபோக வைத்திருந்த கிளிமூக்குச் சேவலும் இரண்டு பெட்டைகளும் ஒரே வாரத்தில் செத்தன. ஜெயினம்பு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மிச்சம் இருந்தது ஒன்பது முட்டை. அதுவும் போனால் வம்சமே போச்சு.

கூடையில் மணல் பரப்பி, இடிக்கு முட்டை கெடக்கூடாது என்று கரித்துண்டும் ஆணியும் போட்டு, ஒன்பதையும் ஒரு நாட்டுக்கோழியின் அடியில் அடைவைத்தாள். அன்றைக்கே பக்கத்து வீட்டு அமராவதியும் ஒன்பது நாட்டுக்கோழி முட்டையை அவள் வீட்டில் அடைவைத்தாள். அமராவதி இன்னும் உப்பளத்துக்குப் போகிறவள்.

ஆறாம் நாள் தங்கை நாஜியாவுக்குப் பிரசவம் என்று ஜெயினம்பு வானூருக்குக் கிளம்பினாள். "கோழி தானா எறங்கித் தின்னுட்டு தானா ஏறிக்கும். நீங்க எதையும் தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள்.

தொடாமல் இருக்க முடிந்ததா எனக்கு? எட்டாம் நாள் காலையில் கோழி தீனிக்கு இறங்கியதும் கூடைக்குப் போனேன். நல்ல முட்டை மூழ்கும், கூமுட்டை மிதக்கும். ஷார்ஜாவில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் இருந்தது. முதல் முட்டையை விட்டேன். மிதந்தது. இரண்டாவதும் மிதந்தது. ஒன்பதும் எலுமிச்சம்பழம் மாதிரி மிதந்தன.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பாடுபட்டு அத்தனையும் கூமுட்டையா என்று ஒவ்வொன்றாக எடுத்து வேலிக்கு வெளியே கருவேல முள்ளில் வீசினேன். கடைசி முட்டை கை வழுக்கி என் காலடியில் விழுந்தது.

நாற்றமே இல்லை. சிவப்பாக நூல் நூலாக ஓடியது. நடுவில் கறுத்த கண்ணோடு ஒரு சின்ன உடம்பு. அது அசைந்தது. யா அல்லாஹ்! குனிந்து பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அசைவு நின்றது.

கையைப் பக்கெட்டில் கழுவி வாயைத் துடைத்தேன். உதடு கரித்தது. அப்போதுதான் அமராவதி வந்தாள்.

"என்னா பாய் பண்ணி வச்சிருக்கீங்க! அது உப்புப் பாத்தித் தண்ணி. கோழி கால் புண்ணுக்கு அக்கா கேட்டுச்சுன்னு நான்தான் கொண்டாந்து வச்சேன். அதுல எந்த முட்டை முழுவும்?"

அவள் என்னவோ சொல்ல வந்து விழுங்கினாள். "மொதல்ல அக்காவுக்குப் போன் போடுங்க."

போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கோழி என்னா கலரு?" என்று கேட்டாள்.

"கோழியா?"

"கூடைல ஒக்காந்திருந்த கோழிங்க. கறுப்பா, வெள்ளையா?"

தீனி பொறுக்கிக்கொண்டிருந்த கோழியை அப்போதுதான் பார்த்தேன். "வெள்ள."

"நான் அடைவச்சது கறுப்பு" என்றாள். "கெளம்புற அன்னிக்கு வெடியக்கால ரெண்டு கூடையையும் கோழியோட மாத்திட்டேன். நம்ம முட்டை அமராவதி வீட்ல இருக்குது. நீங்க ஒடச்சது அவ முட்டை. அதுவும் உசுரு தானங்க."

அப்பாடா என்று மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க நாளைக்கு நாலு தடவ அந்தக் கோழியத் தூக்கித் தூக்கிப் பாத்தீங்க. வேணாம்னாலும் கேக்கல. சொல்லி மாத்துனா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்..." என்று இழுத்தாள்.

ரெண்டு நாள் அந்தக் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். கறுப்புக் கோழி வெள்ளையானது கண்ணில் படவில்லை. ஊரில் எல்லாரும் சிரிக்கட்டும், அது பெரிதில்லை. என் வீட்டில் என்னை நம்பி ஒரு கூடையை விட்டுவிட்டுப் போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதுதான் நெஞ்சில் அடித்தது.

ஜெயினம்பு திரும்பி வந்தாள். சண்டை போடவில்லை. மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அமராவதிக்கு வேறு ஒன்பது நாட்டுக்கோழி முட்டை கொடுத்தாள். அதை எங்கே அடைவைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

இருபத்தோராம் நாள் காலை. டீ குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஜெயினம்புவின் வீடியோ கால். வேலிக்கு அந்தப் பக்கம் அமராவதி வீட்டில், முப்பதடி தூரத்தில் இருக்கிறாள்.

"ஏங்க, மூக்கப் பாருங்க, மூக்கப் பாருங்க!" அவள் குரல் போனிலும் கேட்டது, வேலி தாண்டியும் கேட்டது. திரையில் ஈரம் காயாத குஞ்சு ஒன்று கறுப்பு இறகுக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"நான் வரட்டுமா?"

"கோழி மெரளும். அங்கயே இருந்து பாருங்க" என்றாள்.

போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஷார்ஜாவில் பார்த்த மாதிரியே பார்த்தேன்.