நீலம் ஒட்டிய கல்

என் கணவரைப் போல மெதுவாக ஸ்கூட்டர் ஓட்டிய ஆம்பிளையை நெய்வேலி அதுவரை பார்த்திருக்காது. மைன்ஸில் ராட்சத இயந்திரங்களுக்கு அடியில் நின்று வேலை செய்கிறவர், ரோட்டுக்கு வந்தால் ஆட்டுக்குட்டிக்குக்கூட ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்குவார். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் அவரை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் பிளாக்கில் அவருக்கு மாட்டு வண்டி என்று பெயர். பின்னால் உட்கார்ந்து போகும் எனக்கே பல நாள் எரிச்சலாக இருக்கும். இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று நானும் குத்திக் காட்டியிருக்கிறேன். அந்த மனுஷனைத்தான் வேகமாகப் போனவன் என்று போர்டு எழுதி நடு ரோட்டில் வைத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவரோடு வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம், மேல்பட்டாம்பாக்கத்தில். என் கணவருக்கு இரவு ஷிப்ட் இருந்ததால் சாயங்காலப் பந்தியில் சாப்பிட்ட கையோடு தேங்காய்ப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். திருவதிகை, பண்ருட்டி எல்லாம் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ரோட்டில் கரும்புச் சோகை சிதறிக் கிடந்தது. எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. அவர் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். குறைத்த அந்த வேகத்திலேயே முன்சக்கரம் எதன் மீதோ மோதியது.

நான் ஓரத்து மணலில் போய் விழுந்தேன். இடது முழங்கை மளுக்கென்று கோணிப்போனது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவர் ரோட்டில் கையூன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த பஸ் அவர் வலது காலில் ஏறி இறங்கியது. முறுக்கைக் கடித்தால் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது. அதற்கப்புறம் என் வீட்டில் முறுக்கு சுட்டதில்லை.

பஸ் கொஞ்ச தூரம் போய் நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களும் தோப்பிலிருந்து ஓடிவந்தவர்களும் டிரைவரைத் தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். செருப்பால் அடித்தார்கள், விறகுக் கட்டையால் அடித்தார்கள். அந்த ஆள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என்னமோ சொல்லப் பார்த்தார். வாய் நிறைய ரத்தம் என்பதால் ஒன்றும் விளங்கவில்லை. "குடிச்சிகினு ஓட்றான், உடாத" என்று யாரோ கத்தினார்கள். அவர் குடித்திருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. நான் என் பட்டுப்புடவையின் முந்தானையைக் கிழித்து இவர் தொடையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் அந்த டிரைவரை இன்னும் நாலு போடு போட வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

அப்புறம் பஸ் கண்ணாடியை உடைக்கக் கல் தேடினார்கள். தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ரோட்டிலேயே வரிசையாகக் கற்கள் கிடந்தன. ஆளுக்கு ஒன்றாக எடுத்து வீசினார்கள். ஒன்று மட்டும் பெரிய பூசணிக்காய் கனம் இருந்ததால் அதை உருட்டி ஓரத்தில் தள்ளினார்கள். பஸ் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், அதில் உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பெயிண்ட் அப்பியிருந்தது. எங்கள் ஸ்கூட்டர் நீலம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏதோ லாரி அங்கே பழுதாகி நின்றிருக்கிறது. சக்கரம் உருளாமல் இருக்கவும், பின்னால் வருகிறவன் விலகிப் போகவும் கல் வைத்திருக்கிறார்கள். வண்டி சரியானதும் ஏறிப் போய்விட்டார்கள், கல் அப்படியே கிடந்திருக்கிறது. கல்லில் மோதித்தான் விழுந்தோம் என்று கத்தினேன். என் சத்தம் யார் காதிலும் ஏறவில்லை. நடு ரோட்டில் கல் எப்படி வந்தது என்று அதைத் தூக்கி வீசிய ஒருத்தனும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் பழைய ஆள் இல்லை. சோற்றுத் தட்டு பறக்கும், தண்ணீர்ச் செம்பு பறக்கும். கக்கத்தில் வைக்கும் கட்டையால் ஒரு நாள் ரேடியோவை அடித்து நொறுக்கினார். ஸ்டேஷனில் கிடந்த ஸ்கூட்டரைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிக் காயலாங்கடைக்குத் தள்ளிவிடச் சொன்னார். அங்கேதான் தப்பு நடந்தது.

எங்கள் ஊரில் அப்போது சாலைப் பாதுகாப்புக்கென்று கடைக்காரர்களும் ரிட்டயரான சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பாதுகாப்பு வாரத்துக்கு எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று காயலாங்கடையில் எங்கள் ஸ்கூட்டரைப் பிடித்துவிட்டார்கள். ரவுண்டானாவில் சிமெண்ட் மேடை கட்டி, அதன் மேல் போல்ட் போட்டு நிறுத்தி, ரத்தம் மாதிரி தெரிய சீட்டில் சிவப்பு பெயிண்டையும் ஊற்றினார்கள். கீழே ஒரு போர்டு: 'இவர் வேகமாகப் போனார். நீங்கள்?' நம்பர் பிளேட்டைக்கூடக் கழற்றவில்லை. யாருடைய வண்டி என்று ஊருக்கே தெரிந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஊர்வலமாகக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். அதில் என் மகளும் இருந்தாள், இரண்டாம் வகுப்பு. சாயங்காலம் வந்து அப்பாவின் கட்டிலருகே நின்று, "அப்பா, நீங்க வேகமாவா போனீங்க?" என்று கேட்டாள். அவர் கை ஓங்கியதை நான் பார்த்தேன், ஓடி வருவதற்குள் அடி விழுந்துவிட்டது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வடிந்தது. அந்தக் கையால் அவர் அதற்கு முன் ஒரு நாளும் பிள்ளையைத் தொட்டு அடித்ததில்லை. குழந்தை அழக்கூட இல்லை, சுவரோரம் போய் நின்றுகொண்டாள். அதற்கப்புறம் அவர் இருக்கும் அறைக்குள் அவள் வரவே இல்லை. காலோடு இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் பஸ் ஏறி அந்த இடத்துக்குப் போனேன். கல் தள்ளிய இடத்திலேயே கிடந்தது, நீலமும் அப்படியே இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். நெல்லிக்குப்பம் ஆலையில் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி அச்சு முறிந்து நின்றதாம், விபத்து நடந்த அன்றைக்கு மத்தியானம்தான் கிளம்பிப் போனதாம். அவரே கல்லைக் கோணியில் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அம்மிக்கல்லா என்று கண்டக்டர் கேட்டதற்கு ஆமாம் என்றேன்.

சங்கத்துச் செயலாளர் வீட்டு வாசலில் கோணியை அவிழ்த்துக் காட்டினேன். கெட்ட மனுஷர் இல்லை, உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தவள், வண்டி ஊர்ந்துதான் போனது என்றேன். சம்சாரம் அப்படித்தானே சொல்லுவீர்கள் என்று சிரித்தார். பிறகு, "வேகம்னு போட்டா எல்லாருக்கும் புரியும்மா. கல்லுன்னு போட்டா யாருக்குப் புரியும்?" என்றார். மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மதியம் ஷிப்ட் மாறும் நேரம் பார்த்து ரவுண்டானாவுக்குப் போனேன். சைக்கிள் கேரியரில் கல், தோளில் தோட்டத்துக் கடப்பாரை. மேடையில் ஏறிப் போல்ட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். கோணிப்போன கை உயிர் போகிற மாதிரி வலித்தது, வலிக்க வலிக்க வெறிதான் ஏறியது. சங்கத்து ஆள் ஒருவர் பிடிக்க வந்தார். அவர் காதை ஒட்டிக் கடப்பாரையை வீசினேன், பின்வாங்கிவிட்டார். ஸ்கூட்டர் தலைகுப்புறக் கீழே விழுந்தது. இறங்கி அதன் ஹெட்லைட்டை அடித்தேன், சீட்டை அடித்தேன், போர்டைப் பிளந்தேன். எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேரைக் கைகாட்டிக் கல்லைத் தூக்கி மேடையில் வைக்கச் சொன்னேன். என் கையில் கடப்பாரை இருந்ததால் மறு பேச்சில்லாமல் வைத்தார்கள்.

போலீஸ் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சங்கத்தார் கல்லை அப்புறப்படுத்த யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் யாரோ அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அதில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? செவ்வாய், வெள்ளியில் பூ வந்தது. லாரிக்காரர்கள் நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, விபத்து வராமல் காப்பாற்றச் சொல்லித் தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டில் அவரிடம் இதைச் சொன்னேன். பல நாள் வாசல் தாண்டாதவர் ரிக்‌ஷா கூட்டி வரச் சொன்னார். நாங்கள் போய் இறங்கியபோது ஒரு கரும்பு லாரி நின்றிருந்தது, அதன் டிரைவர் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "என் காலத் தின்ன கல்லு. இப்ப தேங்கா தின்னுது" என்றார். சொல்லிக்கொண்டே கட்டையை ஓங்கிக் கல்லின் மேல் போட்டார். கற்பூரத்தட்டு தெறித்தது. இரண்டாவது அடியில் கட்டை முறிந்து அவரும் விழுந்தார்.

சாமியை அடிக்கிறான் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. லாரி டிரைவர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். பின்னாலிருந்து ஒருவன் அவர் பிடரியில் அடித்தான். முந்திரித் தோப்பில் அந்த பஸ் டிரைவர் கையைக் கூப்பிக்கொண்டு கிடந்த கோலம் என் கண் முன் வந்தது. நான் குறுக்கே விழுந்து முந்தானையால் கல்லைத் துடைத்தேன். மஞ்சளும் குங்குமமும் வழித்துக்கொண்டு வந்தன, அடியில் நீலம் தெரிந்தது. ஓரத்தில் இன்னும் கிடந்த ஸ்கூட்டர் மட்கார்டைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தேன். கரும்பு லாரி நின்றதையும் கல் கிடந்ததையும் சொன்னேன். சொல்லிவிட்டு அந்த லாரி டிரைவரைப் பார்த்து, வண்டி கிளம்பும்போது நீங்கள் வைத்த கல்லை எடுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன்.

அவர் இவருடைய காலில்லாத பக்கம் மடித்துக் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தார். சட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"கெளம்பற அவசரத்துல எவன் எடுத்துகினு இருப்பான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

பிடரியில் அடித்தவன் எப்போது நகர்ந்தான் என்று தெரியவில்லை. அந்த டிரைவரே இவரைத் தூக்கி ரிக்‌ஷாவில் உட்கார வைத்தார். பாதி வழி வரை இவர் முறிந்த கட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

"புள்ளைக்கு உதடு ஆறிடுச்சா?" என்றார்.

"நீங்களே அவகிட்ட கேளுங்க" என்றேன்.