நீலம் பூசிய தண்ணீர் வண்டி

சந்தானம் இறந்த செய்தியைக் கம்பெனி வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனர்தான் எனக்குச் சொன்னது. சங்கரன்கோவிலில் விடுப்பை முடித்துவிட்டு அன்று காலைதான் ஒரகடம் திரும்பியிருந்தேன். மாரடைப்பாம். பேனரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு குட்டி ரயில் வண்டி. கீழே, 'எங்கள் குடும்பத்தின் பெருமை'. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அச்சுகளும் கருவிகளும் செய்கிற டூல் ரூமில் அவரோடு வேலை பார்த்த எங்களுக்குக் காரணம் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

முன்னொரு காலத்தில் ஒரு கல்குவாரியின் குறுகிய தண்டவாளத்தில் ஓடிய தண்ணீர் டேங்க் வண்டியின் மாதிரி அது. கல்லுடைப்பவர்களின் குடிசைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோன வண்டி. சந்தானத்தின் அப்பா அதில் வேலை பார்த்தவர். டேங்கின் பக்கவாட்டில் கோணல்மாணலாகக் 'குடிதண்ணீர்' என்று எழுதியதும் அவர்தான். துருப்பிடித்துக் கிடந்த அந்த வண்டியை உடைத்து விற்பதற்குள் சந்தானம் ஓடிப்போய் அளவெடுத்து வந்தார். வாலாஜாபாத்தில் தன் வீட்டில், விடுமுறை நாட்களில், பித்தளைக் குழாயை அறுத்து டேங்க் செய்தார். குண்டூசித் தலைகளை வெட்டி ரிவெட்டுகளாக ஒட்டினார். அசல் வண்டி உடைபடுவதற்குள் மாதிரியை அங்கே கொண்டுபோய், அப்பாவின் எழுத்தைப் பார்த்து அதே கோணலோடு எழுதினார். யாராவது "பொம்மையா?" என்று கேட்டால் எரிந்து விழுவார். "பொம்மை இல்லப்பா. தண்ணி வண்டி."

கம்பெனி ஆண்டுவிழாக் கண்காட்சிக்கு அதைக் கேட்டு வாங்கினார்கள். விழா முடிந்தும் திருப்பித் தரவில்லை. பிறகொரு நாள் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தோம். வண்டி முழுக்கக் கம்பெனி நீலம். எழுத்து இருந்த இடத்தில் கம்பெனி முத்திரை.

சந்தானம் நேராக எச்.ஆர். மேனேஜரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"யாரக் கேட்டு சார் பெயின்ட் அடிச்சீங்க?"

"ஃபாரின் கஸ்டமர் வர்றாங்க சந்தானம். பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னுதான்."

"எங்கப்பா எழுத்து சார் அது!"

"இருக்கட்டுமே. கம்பெனி பித்தளையிலதான செஞ்சீங்க?"

சந்தானத்தின் முகம் சிவந்தது. "காயலான் கடையில என் காசுல வாங்கினேன்யா!" என்று கத்தினார். பெட்டியைத் திறந்து வண்டியை எடுத்து, மார்போடு அணைத்தபடி கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

கம்பெனிப் பொருளைத் திருடினார் என்று சஸ்பெண்ட் செய்தார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட என்னை அழைத்தார்கள். "அவரு பொருள அவரு எடுத்துட்டுப் போனாரு. இதுல திருட்டு எங்க சார் இருக்கு?" என்று மறுத்தேன். டூல் ரூமில் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. வேறு வழியில்லாமல் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவர் சஸ்பென்ஷனில் இருந்த நாட்களில் ஒருமுறை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தின்னரில் பஞ்சை நனைத்து நீலத்தைத் துடைத்திருந்தார். அதோடு அடியில் இருந்த எழுத்தும் போய்விட்டது. பார்த்து எழுத அசல் வண்டியும் இல்லை; அதை எப்போதோ உடைத்து விற்றுவிட்டார்கள். நினைவிலிருந்து எழுதியிருந்தார்.

"பாரு செல்வி, அப்பா எழுத்து வரவே இல்ல. என் எழுத்து மாதிரிதான் கீது" என்றார்.

பேனரைப் பார்த்த கையோடு வாலாஜாபாத்துக்குப் போனேன். மேனேஜர் மாலையோடு வந்திருந்தார். சந்தானத்தின் மனைவி கஸ்தூரி அக்காவிடம் மெல்லக் கேட்டார். "அவர் ஞாபகமா அந்த வண்டிய ரிசப்ஷன்ல வெக்கலாம்னு நெனைக்கிறோம்மா."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "உசுரோட இருந்தப்ப திருடன்னீங்க. இப்ப இன்னா ஞாபகம்? மொதல்ல போயி அந்த பேனர அவுருங்க."

மேனேஜர் அவிழ்க்கவில்லை. மறுநாள் ஷிப்டுக்குள் போகுமுன் நாங்களே அவிழ்த்தோம்.

துக்கம் நாளாக ஆக ஆறிவிடும் என்கிறார்கள். ஆறட்டும். சந்தானத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கோபம். அதை நான் ஆறவிடப் போவதில்லை.