பனி தங்காத மூலை

சாயுன் முப்பத்தொரு வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். பனி கொட்டும் ஒரு வடக்குத் தீவு நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஒரு சின்னத் துறைமுகம். அடியில் விளக்கெரியும் மேசைமேல் மீன் துண்டுகளை விரித்து, புழு தெரிந்தால் கத்தி முனையால் எடுத்தெறிய வேண்டும். மதியத்துக்குள் விரல்கள் சிவந்து, பிறகு வெளுத்து, அதற்கப்புறம் அவை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போய்விடும். வேலை முடிந்ததும் நேரே ஊர் நீச்சல் குளத்துக்குப் போவாள். குளத்தை ஒட்டி இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை இறங்கி உட்கார்ந்தால்தான் அவளுக்கு விரல்கள் திரும்பி வரும்.

ஆனால் அந்தத் தொட்டி ஊருக்கே பொது. எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் எட்டு வாய் ஓயாமல் பேசும். அவள் கணவன் அக்குரேரி நகரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்பதையே அவள் அந்தத் தொட்டியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டாள். இவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவள் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டாள். மற்ற ஆறு பேரும் சட்டென்று வானத்தைப் பார்த்தார்கள். சாயுன் எழுந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். என்றைக்காவது சொந்தமாக ஒரு தொட்டி வைத்துக்கொள்ள வேண்டும், அதில் நான் மட்டும் உட்கார வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்ததுதான்.

அதற்கு இருபது வருடம் ஆயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் வேலையை விட்டுவிட்டு, தம்பி ஓர்முர் பேருந்து ஓட்டும் வார்மாதுன் ஊரில் ஒரு வீடு வாங்கினாள். அதுவரை வாடகைக்கு நிலவறை வீடுகளிலேயே இருந்தவளுக்கு, பின்பக்கம் புல்வெளியோடு ஒரு வீடு என்பது நம்ப முடியாத விஷயமாக இருந்தது.

வீட்டைப் பார்க்கப் போனது மார்ச் மாதம். புல்வெளி முழுக்க முழங்கால் உயரம் பனி. வேலியோர மூலையில் மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்குப் புல் பச்சைப்பசேல் என்று தெரிந்தது.

வீட்டை விற்ற மார்டெய்ன் எண்பதைத் தாண்டிய மனிதர். "அதுக்குக் கீழ வெந்நீர்க் குழாய் ஓடுது. பனி உருகட்டும்னு எங்கப்பா போட்டது" என்றார்.

பூமிக்கடியிலிருந்து எடுத்த வெந்நீர் ஊர் முழுக்கக் குழாயில் வரும் வார்மாதுனில் பாதி வீடுகளின் வாசலில் அப்படிக் குழாய் ஓடுகிறது. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என் தொட்டி அங்கதான்" என்றாள் சாயுன். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இடத்தைக் குறித்துவிட்டாள்.

மே மாதம் அவளும் ஓர்முரும் தலைநகரில் இருந்த கடைக்குப் போனார்கள். விற்பனையாள் முதலில் காட்டியது நாற்பத்தாறு துளைகளில் நீர் பீய்ச்சி அடிக்கும் மின்சாரத் தொட்டி. நீல விளக்கு எரிந்தது, பாட்டு வேறு பாடியது. சாயுன் காலணியைக் கழற்றிவிட்டு, கோட்டோடு அதற்குள் இறங்கி உட்கார்ந்து கண்ணை மூடினாள். பிறகு மர வட்டத் தொட்டியிலும் அப்படியே. பிறகு மண்ணில் புதைக்கும் வெறும் பிளாஸ்டிக் தொட்டியிலும். அதில் அவள் எழுந்திருக்கவே இல்லை.

"என்ன, ராத்திரி இங்கயே தங்கப்போறியா? போய்ப் போர்வை எடுத்துட்டு வரவா?" என்றான் ஓர்முர்.

"இதுல தோள் வரைக்கும் முங்கும். அதுல நெஞ்சு வரைக்கும்தான்."

"அதுல பாட்டு வருது சாயுன்."

"முப்பது வருஷமா வாய் ஓயாத தொட்டியில உக்காந்துட்டேன். பேசாத தொட்டி போதும்."

ஊரின் வெந்நீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, குளிர்ந்த நீரைக் கலந்து நிரப்பிக்கொள்ளும் வகை அது. மோட்டார், மின்சாரம் எதுவும் கிடையாது. பள்ளம் தோண்டி இறக்கினால் வேலை முடிந்தது.

பள்ளம் தோண்ட ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஹாகோன் சின்ன இயந்திரத்தோடு வந்தான். ஊர்க்காரன், நாற்பது வயது, வாயில் எப்போதும் அதிமதுர மிட்டாய். ஓர்முர் ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப்போட்டு, மேற்பார்வையாளர்போலக் காலை நீட்டி உட்கார்ந்தான். முதலில் கறுப்பு மண் வந்தது. அரை ஆள் உயரம் போனதும் சிவப்பும் மஞ்சளுமாக, கொழகொழவென்று களிமண். ஹாகோன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பள்ளத்தில் குதித்தான்.

"சாயுன், இங்க வந்து இதைத் தொட்டுப் பாரேன்."

ஒரு கைப்பிடி களிமண்ணை நீட்டினான். அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டிபோலச் சுட்டது. கூடவே அழுகிய முட்டை வாடை.

"குழாயை உடைச்சிட்டியா?" என்றான் ஓர்முர்.

"உடைக்கறதுக்குக் குழாய் எங்க இருக்கு? நானும் அதைத்தான் தேடுறேன்."

அவன் நகராட்சிக்குப் போன் செய்தான். தங்கள் வரைபடத்தில் அங்கே குழாய் எதுவும் இல்லை, ஆனால் அந்தக் காலத்தில் தனியார் போட்டவை வரைபடத்தில் ஏறியிருக்காது என்றார்கள். இன்னும் ஆழத்தில் இருக்கும்போல என்று மூன்று பேரும் முடிவுக்கு வந்தார்கள். "இதுக்கு மேல நான் தோண்ட மாட்டேன். தொட்டிக்கு இந்த ஆழம் போதும்" என்று சொல்லிவிட்டு, மணல் பரப்பி, தொட்டியைப் பள்ளத்தில் இறக்கி வைத்துவிட்டு ஹாகோன் போனான். குழாய் இணைப்பவர் மறுநாள் வருவதாக ஏற்பாடு.

சாயுனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் காபிக் கோப்பையோடு இறங்கி உட்கார்ந்தாள். அடிப்பகுதி இதமாக இருந்தது.

"கீழ இருந்து யாரோ அடுப்பு மூட்டுறாங்க. உனக்கு அதிர்ஷ்டம்தான் போ" என்று நாற்காலியிலிருந்தபடியே சொன்னான் ஓர்முர். இரண்டு மணி நேரம் அவள் அங்கேயே இருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காபி போட வந்தவள் சமையலறை ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். புல்வெளி தெரியவில்லை. வெள்ளை ஆவி. காற்று ஒரு கணம் அதை விலக்கியபோது தொட்டி தெரிந்தது. பள்ளத்துக்குள் இல்லை; பாதி வெளியே வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் ஓரம் வெயிலில் வைத்த மெழுகுபோல மடங்கித் தொங்கியது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறச் சேறு கொதித்துக் கொதித்து எழும்பியது. ஒவ்வொரு கொப்பளமும் ஒரு தலை அளவு இருந்தது. வெடிக்கும் சத்தம் மூடிய கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

சாயுன் காபிப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

ராத்திரி அங்கேயே தங்கிவிட்ட ஓர்முர் முன்னறையில் படுத்திருந்தான். சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தவன், "தொட்டி போயிடும், தொட்டி போயிடும்!" என்று கயிற்றை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து பாய்ந்தான்.

"ஓர்முர்!" என்று கத்த வாயைத் திறந்தாள் சாயுன். அதற்குள் இன்னொரு குரல் முந்திக்கொண்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெர்க்தோரா தூங்கும் உடையோடு நின்றிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி, எழுபது வயது, பிறந்ததிலிருந்து அந்தத் தெருவிலேயே இருப்பவள். அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"நில்லுடா மடையா! ஒரு அடி எடுத்து வைக்காத!"

ஓர்முர் அப்படியே நின்றான். அவனுக்கு இரண்டடி முன்னால், நேற்று அவன் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலி புல்லின்மேல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பின்கால்கள் இரண்டும் புல்லோடு சேர்ந்து உள்ளே இறங்கின. நாற்காலி மெல்லச் சாய்ந்தது. பிறகு முதுகுத் துணி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. அந்த இடத்தில் ஆவி வந்தது.

"வந்த காலடியிலயே பின்னால போ. மெதுவா. புல்லைப் பாத்து வையி" என்றாள் பெர்க்தோரா. இப்போது அவள் குரல் தணிந்திருந்தது. ஓர்முர் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்து, வாசற்படியைத் தொட்டதும் தொப்பென்று உட்கார்ந்து விட்டான்.

ஒரு மணி நேரத்தில் நகராட்சி வண்டி வந்தது. உன்னுர் என்ற மண்ணியல்காரப் பெண் நீளமான இரும்புக் கம்பி வெப்பமானியைப் புல்வெளியில் அடிக்கு ஒருமுறை குத்திக்குத்திப் பார்த்து, தரையில் வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கோடு வேலியில் தொடங்கிச் சமையலறை மூலைக்கு நான்கு அடி தூரத்தில் வந்து நின்றது.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் அரை ஆள் ஆழத்துல தொண்ணூத்தெட்டு டிகிரி. இங்க குழாயே கிடையாது. இருந்ததும் இல்ல. கீழ சுடுநீர் ஊத்து, மேல களிமண் மூடி போட்ட மாதிரி உக்காந்திருந்துச்சு. பள்ளம் தோண்டினதுல மூடி போயிடுச்சு" என்றாள்.

"தோண்டாம இருந்திருந்தா?" என்று கேட்டாள் சாயுன்.

"என்னைக்காவது தானே திறந்திருக்கும். நாளைக்கோ, நூறு வருஷம் கழிச்சோ."

"நேத்து சாயங்காலம் நான் அதுல உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரம்."

உன்னுர் கம்பியைத் துடைப்பதை நிறுத்தினாள். சாயுனின் தோளில் கையை வைத்தாள்.

ஒன்பது நாள் வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது என்றார்கள். அந்த ஒன்பது நாளும் அவள் பெர்க்தோரா வீட்டு மாடியறையில் கிடந்தாள். ஜன்னல் திரையை விலக்கவில்லை. மூன்றாம் நாள் மார்டெய்னுக்குப் போன் செய்தாள். திட்டுவதற்கென்று யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"குழாய்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள்.

"எங்கப்பா எங்கிட்ட சொன்னதைத்தான் உங்கிட்ட சொன்னேன். நான் ஒரு நாளும் அங்க மண்வெட்டி வச்சதில்ல. அந்தப் புல்லு மேலதான் எங்கம்மா என்னைக் குளிப்பாட்டி வெயில் காய வைப்பாங்க..." என்றார் கிழவர். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கடைசியில் அவரைத் தேற்றிவிட்டுத்தான் அவள் போனை வைத்தாள்.

"நீ கூடவா கவனிக்கல?" என்று பெர்க்தோராவிடம் கேட்டாள்.

"பனி தங்காதுன்னு தெரியும், கண்ணு. இந்த ஊர்ல பத்து வீட்டுல தங்காது. அதுக்குன்னு யாரு தோண்டிப் பாப்பா?"

பத்தாம் நாள் வீட்டுக்குத் திரும்பலாம் என்றார்கள். வீட்டுக்கடியில் மண் குளிர்ந்துதான் இருந்தது, ஊற்றும் அதற்குமேல் பரவவில்லை. ஒரு குதிரை வண்டி அளவுச் சேற்றுக் குட்டையாக நின்றுவிட்டது. நகராட்சியே சுற்றிக் கம்பி வேலி போட்டது. தொட்டியை யாராலும் எடுக்க முடியவில்லை. ஜூன் மாதம் ஒரு நாள் அதுவாகவே உள்ளே போய்விட்டது.

சாயுன் வீட்டுக்குள் குதிகால் பதிக்காமல் நடந்தாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குனிந்து ஒவ்வொரு அறையின் தரையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். வெயில் விழுந்து சூடான பலகையைத் தொட்டுவிட்டு ஒரு நாள் தெருவுக்கே ஓடி வந்துவிட்டாள். வீட்டை விற்றுவிடு என்றான் ஓர்முர். "வாங்க வர்றவங்கிட்ட நான் என்ன சொல்லட்டும்? குழாய் ஓடுதுன்னா?" என்று கேட்டாள்.

ஆகஸ்டில் உன்னுரை அவளே கூப்பிட்டு, வீட்டின் முன்பக்கம் முழுக்கக் குத்திப் பார்க்கச் சொன்னாள். எல்லா இடத்திலும் ஒன்பது டிகிரி. "ஒன்பதா? இன்னொரு தடவை குத்துங்க" என்றாள். உன்னுர் முகம் சுளிக்காமல் நாற்பது இடத்தில் திரும்பக் குத்தினாள். அதன்பிறகு சாயுன் அதே கடைக்குப் போய், தரைக்கு மேலே மரச்சட்டத்தில் நிற்கும் வட்டத் தொட்டியை வாங்கி வந்தாள். வைக்க வேறு இடம் இல்லாததால் அது தெருவைப் பார்த்தபடி, வாசலுக்குப் பக்கத்திலேயே வந்தது. தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள், நாய் கூட்டிப் போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதல் நாள் தொட்டியை நிரப்பிவிட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றாள். வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது. எடுத்து உதறிவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி முப்பத்தெட்டு. பெர்க்தோரா நீச்சல் உடையோடு தெருவழியாக வந்து, யாரையும் கேட்காமல் ஏணியில் ஏறி உள்ளே இறங்கினாள்.

"நான் வேகல பாரு. வா."

சாயுன் இறங்கினாள். தோள் வரை மூழ்கினாள். விரல்களில் சூடு ஏறியது. ஆனால் முழங்கால்களை நெஞ்சோடு கட்டிப்பிடித்து, பாதம் அடியில் படாதபடி உட்கார்ந்திருந்தாள். தெருவில் போன ஹாகோன் வண்டியை நிறுத்திக் கையசைத்தான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"காலை நீட்டு கண்ணு. எனக்கு இடம் வேணும்னு பாக்காத."

"நீட்டுவேன்" என்றாள் சாயுன். "இன்னைக்கு வேண்டாம்."

பெர்க்தோரா வற்புறுத்தவில்லை. தன் மருமகளைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சாயுன் கேட்டுக்கொண்டிருந்தாள்.